முப்பது செகண்ட் புத்தகப் பேச்சு

உடுமலைப்பேட்டையில இருந்து பேசறேனுங்க. பிள்ளைங்க தானாப் புத்தகம் எடுத்துப் படிக்க வாட்ஸ்அப் உதவுமா? இன்னைக்கு அதுதான் விஷயம். நான் ஆறாம் வகுப்பு ஆசிரியர். முதல் தடவை தப்பாப் பண்ணினேன், அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பெற்றோர் நம்பரை வெச்சு ஒரு குரூப் தொடங்கினேன். "தினமும் எத்தனை பக்கம் படிச்சீங்கன்னு சுருக்கத்தோட அனுப்புங்க"ன்னேன். மெசேஜ் குவிஞ்சுது. பாத்தா, பாதி பின்னட்டையில இருந்து எடுத்தது. மீதி, ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் காப்பி அடிச்சது. குட்ரீட்ஸ் சேலஞ்சுல எண்ணிக்கைக்காகச் சின்னப் புத்தகமாத் தேடியிருக்கீங்களா? அதே கதைதான்.

ஒரு பொண்ணு மட்டும் எதுவும் அனுப்பல. படிக்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். அவங்க அப்பா போன் ராத்திரி பத்து மணிக்கு மேலதான் வீட்டுக்கு வருதுன்னு பின்னாடி தெரிஞ்சுது. வகுப்புலயே அதிகமாப் படிச்சது அந்தப் பொண்ணுதான். நான் அளந்தது வாசிப்பை இல்ல, யார் வீட்டுல போன் இருக்குங்கறதை.

அப்புறம் முறையை மாத்தினேன். அப்ப வாட்ஸ்அப்புக்குக் குறைந்தபட்ச வயசு 13. எங்க பிள்ளைங்களுக்கு 11. அதனால போன் என் கையில மட்டும். நூலகப் பீரியடுல முதல் இருபது நிமிஷம் எல்லாரும் சத்தமில்லாம படிப்போம், நானும்தான். எந்தப் புத்தகம்ங்கறது அவங்க இஷ்டம். கடைசியில விருப்பப்பட்ட மூணு பேர் ஆளுக்கு முப்பது செகண்ட் வாய்ஸ் நோட் பேசுவாங்க. கேள்வி ஒண்ணுதான்: "இந்தப் புத்தகத்தை யாருக்குக் கொடுப்பே, ஏன்?" மார்க் கிடையாது.

பெற்றோர் சம்மதத்தோட, பேர் சொல்லாம, அதைப் பொள்ளாச்சிப் பக்கம் இருக்கற ஒரு ஆசிரியருக்கு அனுப்புவேன். அவர் வகுப்புல போட்டுக் காட்டுவார், அங்கிருந்து பதில் வரும். ஒரு தடவை, "பாதியிலயே போரடிச்சுது"ன்னு பதில் வந்துது. எங்க பையனுக்குப் பொறுக்கல. "கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சுட்டுப் பேசு"ன்னான். அதுக்காகவே அவன் மறுபடி அந்தப் புத்தகத்தைப் படிச்சான்.

ரெண்டு வகுப்புக்கும் ஒரே புத்தகம் வேணுமே? அரசுப் பள்ளிகள்ல 2023ல வந்த வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் இருக்கு. நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படி. பிரதம் புக்ஸ் 2015ல தொடங்கின ஸ்டோரிவீவர் தளத்துலயும் தமிழ்க் கதைகள் இலவசம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்ங்கறதால, எழுதினவங்க, வரைஞ்சவங்க பேரோட அச்சடிச்சுக் கொடுக்கலாம்.

இப்ப நான் பக்கத்தை எண்ணறதில்ல. வாய்ஸ் நோட்டைக் கேட்டுட்டு யாராவது அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தாங்களான்னு மட்டும் பாக்கறேன். நீங்களும் வீட்டுல தம்பி, தங்கச்சிகிட்ட "எத்தனை பக்கம் முடிச்சே?"ன்னு கேக்காதீங்க. "யாருக்குக் கொடுப்பே?"ன்னு கேட்டுப் பாருங்க.