விளையாட்டு விழா வருகிறது: குதிக்கால் நாண் தயாரா?

கோடை வந்துவிட்டால் சங்கங்களின் விளையாட்டு விழாக்களும் வந்துவிடும். பதினொரு மாதம் காரிலும் கதிரையிலும் இருந்துவிட்டு, அன்று மட்டும் நாம் ஊரில் கரப்பந்தாட்டம் ஆடிய இருபது வயது இளைஞர்களாகி விடுகிறோம். மறுநாள் வைத்தியரிடம் வருபவர்கள் சொல்வது அநேகமாக ஒரே கதை: "யாரோ பின்னால் உதைத்த மாதிரி இருந்தது டொக்டர். திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை."

அறுந்தது அக்கிலிஸ் தசைநாண். கெண்டைக்கால் தசையைக் குதிக்கால் எலும்போடு இணைக்கும் தடித்த நாண் இது. நடுத்தர வயது ஆண்களிடமே இது அதிகம் அறுகிறது.

ஏன் அறுகிறது?

தசைக்கு இரத்த ஓட்டம் அதிகம். சில வாரப் பயிற்சியிலேயே பலம் பெறும். தசைநாண், கொலாஜன் என்ற புரத இழைகளாலான கயிறு. அதற்கு இரத்த ஓட்டம் குறைவு. பலம் பெற மாதங்கள் ஆகும். விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு ஓடத் தொடங்கினால் தசை தயாராகும், நாண் தயாராகாது.

நம்மவரிடையே அதிகமாகவுள்ள நீரிழிவும் ஒரு காரணம். இரத்தத்தில் கூடும் சீனி கொலாஜனோடு ஒட்டி நாணை விறைப்பாக்குகிறது. சிப்ரோஃபுளொக்சசின் போன்ற சில அன்டிபயோடிக் மருந்துகளும் நாணைப் பாதிக்கலாம். அவற்றை அண்மையில் எடுத்தவர்கள் வைத்தியரைக் கேட்டே விளையாடவும்.

என்ன செய்யலாம்?

மூன்று மாதம் முன்பே தொடங்குவோம். வீட்டு மாடிப்படி போதும். கைப்பிடியைப் பிடித்தபடி, பாதங்களின் முன்பகுதியைப் படி விளிம்பில் வைத்துக் குதிக்கால்களை உயர்த்துங்கள். பின் மூன்று எண்ணும்வரை மெதுவாகப் படிக்குக் கீழே இறக்குங்கள். 15 தடவைகள், மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். ஓய்வு நாளில்தான் புதிய கொலாஜன் சேர்கிறது.

ஒரு மாதம் கழித்து, வலி இல்லையேல் ஒற்றைக் காலில் செய்யலாம். கடைசி மாதத்தில் சிறு துள்ளல்களைச் சேர்க்கலாம். காலையில் குதிக்கால் விறைத்து வலித்தால் அளவைக் குறையுங்கள். சுவீடன் வைத்தியர் ஹோகன் அல்ஃபிரெட்சன் 1998 இல் நாண் வலிக்கு வெளியிட்ட பன்னிரண்டு வாரப் பயிற்சியும் குதிக்காலை மெதுவாக இறக்குவதுதான்.

அறுந்துவிட்டால்?

நடக்க முடிகிறதே, சுளுக்குத்தான் என்று எண்ணெய் பூசி உருவ வேண்டாம். அந்தக் காலின் விரல் நுனியில் எழும்ப முடியாவிட்டால் அன்றே மருத்துவமனை செல்லுங்கள். தாமதமானால் சிகிச்சை கடினமாகும்.

விழா மேடையில் கிண்ணம் வாங்கும்போது இரண்டு கால்களிலும் நிற்போம். இன்றே படியேறுவோம்.