படிப்புக்கும் கேமுக்கும் ஒரே கம்ப்யூட்டர்

பிள்ளை கட்டிடக்கலையிலோ டிசைன் படிப்பிலோ சேர்ந்ததும் வீட்டில் கம்ப்யூட்டர் பேச்சு எழும். பிள்ளை எழுதிக் கொடுக்கும் பட்டியலில் விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு ஒன்று கட்டாயம் இருக்கும். "இது படிப்புக்கா, விளையாட்டுக்கா?" என்று அப்பா கேட்பார். இரண்டுக்கும்தான் என்பதே நேர்மையான பதில். கட்டிட மாதிரிகளைக் காட்சியாக்க உதவும் ட்வின்மோஷன் மென்பொருள் 'அன்ரியல் எஞ்சின்' மீது இயங்குகிறது. ஃபோர்ட்நைட், வாலரன்ட் விளையாட்டுகளுக்கும் அதுவே அடிப்படை. ஆகவே இரண்டு மிஷின் தேவையில்லை. ஒன்றையே சரியாகத் திட்டமிட வேண்டும்.

தினமும் கல்லூரிக்குத் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தால் லேப்டாப்தான் வழி. வேலை பெரும்பாலும் வீட்டிலேயே நடக்குமானால், அதே பணத்துக்கு டெஸ்க்டாப் கூடுதல் வேகம் தரும். பின்னால் பாகங்களை மாற்றியும் கொள்ளலாம். பி.ஆர்க். 5 ஆண்டுப் படிப்பு என்பதால் இந்த வசதி பெரிது. இனி வருவது டெஸ்க்டாப்புக்கான திட்டம்.

வேகமும் இடமும்

கேம் சீராக ஓட, நொடிக்கு 60 படங்களாவது திரையில் வரவேண்டும். ஒரு படத்தை வரையக் கிடைப்பது 17 மில்லி நொடிக்கும் குறைவு. டிசைன் மாதிரியை முழுப் படமாக்கும் ரெண்டர் அப்படியல்ல. ஒரே படத்துக்குப் பல நிமிடங்கள் ஆகலாம், காத்திருக்கலாம். ஆனால் கட்டிடம், மரங்கள், தரையின் கல், கண்ணாடியின் பிரதிபலிப்பு என்று முழுக் காட்சியும் கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் வேலை ஆமை வேகத்துக்கு இறங்கும், அல்லது பாதியில் நின்றுவிடும்.

கேமுக்கு வேகம் முதன்மை, டிசைனுக்கு இடம் முதன்மை. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் பட்டியலில் பாதி தானாகவே முடிவாகிவிடும்.

கிராபிக்ஸ் கார்டு

மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை இதற்கு ஒதுக்கலாம். 8 ஜிபி நினைவகம் பல கேம்களுக்குப் போதும், பெரிய டிசைன் காட்சிகளுக்குப் பற்றாது. 12 அல்லது 16 ஜிபி உள்ளதைப் பாருங்கள். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டு 8, 16 ஜிபி என இரண்டு அளவில் வருகிறது. பெயர் ஒன்றுதான், ஆகவே கொட்டேஷனில் ஜிபி எழுதப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள்.

ஏஎம்டி கார்டுகளும் கேமுக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் பல ரெண்டர் மென்பொருள்கள் என்விடியா 2007-இல் வெளியிட்ட 'குடா' நுட்பத்தை ஒட்டி வளர்ந்தவை. பிளெண்டர் இரு நிறுவனக் கார்டுகளிலும் ஓடும். உங்கள் துறையில் எந்த மென்பொருள் சொல்லித் தரப்படுகிறது என்று சீனியர்களிடம் கேட்டு முடிவெடுங்கள்.

பிராசஸர், மதர்போர்டு, ராம்

ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் போன்றவை பெரும்பாலும் ஒரு கோரின் வேகத்தையே நம்பியிருக்கின்றன. பிராசஸரில் ரெண்டர் செய்தால்தான் எல்லாக் கோர்களும் வேலை செய்யும். எனவே புதிய தலைமுறையில் 6 முதல் 8 கோர் போதும். மீதிப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்கும் ராமுக்கும் போகட்டும். பிராசஸர் பெயரின் முடிவில் 'எஃப்' இருந்தால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. கார்டு சர்வீஸுக்குப் போனால் திரையே வராது. செமஸ்டர் கடைசியில் அது நேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்து வாங்குங்கள்.

மதர்போர்டை எளிதில் மாற்ற முடியாது, ஆகவே அதில் பிராசஸர் அமரும் சாக்கெட்டைப் பாருங்கள். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் 2022-இல் வந்தது. 2027-க்கு அப்பாலும் அதற்கு ஆதரவு தருவதாக நிறுவனம் அறிவித்திருக்கிறது. இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டோ 14-ஆம் தலைமுறையோடு நின்றுவிட்டது. நான்காம் ஆண்டில் பிராசஸர் மட்டும் மாற்ற நினைப்பவருக்கு ஏஎம்5 ஏற்றது. அதில் டிடிஆர்5 ராம் மட்டுமே பொருந்தும்.

ராம் 32 ஜிபி இருந்தால் நிம்மதி. 16 ஜிபி துண்டுகளாக இரண்டு போட்டால் இரு வழியாகத் தகவல் ஓடி வேகம் கூடும். 2025-இன் பிற்பகுதியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. கையைக் கடித்தால் ஒரு 16 ஜிபியோடு தொடங்கி, அதே ரகத்தில் இன்னொன்றைப் பிறகு சேர்க்கலாம். 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று போதும். புராஜெக்ட் ஃபைல்களின் இன்னொரு பிரதியைத் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள்.

எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ், கேபினெட்

மொத்த விலையைக் குறைத்துக் காட்டப் பலர் கைவைப்பது எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில்தான். அது கெட்டால் மற்ற பாகங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகலாம். கணக்கு எளிது. 5060 டிஐ 180 வாட், 6 கோர் பிராசஸர் சுமார் 90 வாட், மற்றவை 70 என்று வைத்தால் 340 வாட். நல்ல நிறுவனத்தின் 650 வாட் எடுத்தால் பின்னால் பெரிய கார்டு மாட்டவும் இடமிருக்கும். '80 பிளஸ்' முத்திரை மின்சாரத்தை வீணாக்காத திறனைச் சொல்கிறது. உள்ளே இருக்கும் உதிரிகளின் தரத்துக்கு அது சான்று அல்ல.

சாதாரண 600 விஏ யூபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும். மானிட்டரையும் சேர்த்தால் கேமின் நடுவே, ரெண்டரின் நடுவே மின்சாரம் போகும்போது யூபிஎஸ்ஸும் படுத்துவிடும். 1000 விஏ-க்குக் குறையாமல், வாட் அளவைக் கேட்டு வாங்குங்கள். பிளக் பாயின்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

கேபினெட்டில் வண்ண விளக்கை விடக் காற்றோட்டம் முக்கியம். நம் ஊர் சித்திரை வெயிலில், முன்பக்கம் கண்ணாடியால் அடைத்த கேபினெட்டுக்குள் சூடு தேங்கும். சூடு ஏறினால் பிராசஸரும் கார்டும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முன்பக்கம் வலை வைத்ததை வாங்குங்கள்.

மானிட்டர்

கேமிங் மானிட்டர் விளம்பரங்கள் ஹெர்ட்ஸைப் பெரிதாகச் சொல்லும். டிசைன் மாணவர் முதலில் பார்க்க வேண்டியது நிறத்தை. ஐபிஎஸ் திரை, எஸ்ஆர்ஜிபி நிறங்கள் 100 சதவீதம் அல்லது அதையொட்டி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையில் செங்கல்லாகத் தெரிந்த நிறம் மற்றவர் திரையில் வேறாகத் தெரியும். 27 அங்குலம், 2560 x 1440 புள்ளிகள், 144 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் மானிட்டர் இரு தேவைக்கும் பொருந்தும்.

வாங்கும்போது

சென்னை ரிச்சி தெருவோ உங்கள் ஊர்க் கடையோ, குறைந்தது மூன்று இடங்களில் கொட்டேஷன் வாங்குங்கள். ஒவ்வொரு பாகமும் நிறுவனம், முழு மாடல் பெயர், விலை, வாரண்டி ஆண்டு என்று தனித்தனியே எழுதப்பட்டிருக்க வேண்டும். '650 வாட் எஸ்எம்பிஎஸ்' என்று மட்டும் இருந்தால் ஏற்காதீர்கள். ஜிஎஸ்டி பில்லும் பெட்டிகளும் பத்திரமாக இருக்கட்டும், வாரண்டிக்கு அவை வேண்டும்.

விண்டோஸ் உரிமத்துக்கும் பணம் ஒதுக்குங்கள், ரெவிட்டும் 3டிஎஸ் மேக்ஸும் விண்டோஸில்தான் ஓடும். ஆட்டோடெஸ்க் தன் மென்பொருள்களை மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிறது, பிளெண்டர் எல்லோருக்குமே இலவசம். திருட்டுப் பிரதியை ஏற்றி வைரஸை வரவழைக்க வேண்டியதில்லை.

கடைக்குக் கிளம்பும் முன் ஒரு தாளில் அடுத்த ஐந்தாண்டுகளில் பயன்படுத்தப்போகும் மென்பொருள்களின் பெயர்களை எழுதுங்கள். அதற்குக் கீழே விளையாடும் கேம்களை எழுதுங்கள். மேலே உள்ளவை கேட்கும் நினைவகத்தையும் நிறத்தையும் கொடுத்துவிட்டால், கீழே உள்ளவை அநேகமாக அதிலேயே ஓடிவிடும். கேமை மட்டும் வைத்துத் திட்டமிட்ட மிஷின் மூன்றாம் ஆண்டு புராஜெக்ட்டில் மூச்சுத் திணறும். படிப்புக்காகத் திட்டமிடுங்கள்.