மூன்று சக்கரக் கார்

மழை கொட்டுகிறது. மோட்டார் சைக்கிளில் கணவன், பின்னால் மனைவி. குழந்தையை எங்கே உட்கார வைப்பது?

1950-களில் இங்கிலாந்துத் தொழிலாளிகளுக்கு இந்தக் கவலை இருந்தது. கார் ஓட்டத் தனி லைசென்சு வேண்டும். அதற்கு இன்னொரு பரீட்சை!

"ரிலையண்ட்" என்ற மூன்று சக்கரக் கார் இந்தக் கவலையைத் தீர்த்தது. மோட்டார் சைக்கிள் லைசென்சே போதும். வரியும் குறைவு. ஆனால், எடை சுமார் 400 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அதனால், 1956 முதல் காரின் கூட்டைக் கண்ணாடி நார் கலந்த பிளாஸ்டிக்கில் செய்தார்கள்.

1973-ல் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம் ஆயிற்று. சட்டம் இரு சக்கர வண்டிகளுக்குத்தான். மூன்று சக்கரக் காருக்கு இல்லை!

ஒரே ஒரு ஆபத்து. முன்னால் ஒற்றைச் சக்கரம். வளைவில் வேகமாகத் திருப்பினால் கார் சாய்ந்துவிடும். லைசென்சு பழையதுதான், நிதானத்தைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது!