கொழும்புக்கு நேர் தெற்கே ஒரு பிடி சேறு

தலவாக்கலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில், இரண்டு தேயிலை மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளம் இருந்தது. மழை நாளில் மாடு கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கிவிடும். கான் வெட்டுகிறவர்கள் அதைக் கறுப்பு மண் பள்ளம் என்பார்கள். பெரிய மாமா ஒருமுறை அதில் ஆளுயரத்துக்குக் கான் இறக்கினார். மேலே கருஞ்சேறு, அதன் கீழே பழுப்பு, அதற்கும் கீழே சாம்பல் நிறக் களி. பழுப்புக்குள்ளிருந்து உளுக்காத ஒரு மரத்துண்டு வந்தது. “எந்தக் காலத்து மரமோ, புள்ள” என்று என் கையில் வைத்தார். லயத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அது காய்ந்து உள்ளங்கையிலேயே பொடிந்துவிட்டது.

துருவக் கடலின் அடியில் கிடக்கும் நுண்ணுயிர்ச்சுவடுகளைப் பற்றி எழுதச் சொன்னதும் எனக்கு அந்த மரத்துண்டுதான் ஞாபகம் வந்தது. அங்கேயும் அடுக்கடுக்கான சேறுதான். மரத்துக்குப் பதிலாக, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிக் கூடுகள்.

நம் பாடப்புத்தகம் தயற்றம் என்று சொல்லும் ஒருகல அல்காவின் கூடுகள் அவை. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் டயாட்டம். கண்ணாடிக்கு மூலமான சிலிக்காவைக் கடல் நீரிலிருந்து எடுத்து, தன்னைச் சுற்றி ஒரு சம்புடம் கட்டிக்கொள்ளும். மூடியும் அடியும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும். உயிர் போனபின் கூடு கடலடியில் போய்ப் படியும். 1840களின் தொடக்கத்தில் தென்துருவக் கடலுக்குப் போன ஜோசப் ஹூக்கர், பனிக்கட்டியில் இருந்த பழுப்புக் கறை இந்த உயிர்களே என்று கண்டுகொண்டார். அதே ஹூக்கர்தான், இலங்கைத் தாவர நூலை எழுதிவந்த டிரிமன் 1896இல் இறந்துபோக, பாதியில் நின்ற அந்த நூலின் கடைசி இரண்டு பாகங்களை 1898இலும் 1900இலும் முடித்துக் கொடுத்தவர். நம் மலைச் செடிகளுக்குக் கணக்கு எழுதிய கைதான் அந்தாட்டிக்காவின் கறையையும் வழித்துப் பார்த்தது. 1874 பெப்ரவரியில் ‘சாலஞ்சர்’ ஆய்வுக் கப்பல் அந்தாட்டிக் வட்டத்தைத் தாண்டியது. நம் முப்பாட்டன்மார் மன்னாரில் இறங்கிக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்த காலம் அது. அந்தக் கண்டத்தைச் சுற்றி ஒட்டியாணம் போல தயற்றச் சேறு படிந்திருப்பது அந்தப் பயணத்தில்தான் தெளிவானது.

இந்தக் கூடுகள் எப்படிப் பேசும்? ஃபிராஜிலாரியோப்சிஸ் கர்ட்டா என்ற இனம் கடற்பனியை ஒட்டியே வாழும். அதன் பங்காளியான கெர்குலென்சிஸ் பனி இல்லாத திறந்த நீரில் பெருகும். சேற்றின் ஒவ்வோர் அடுக்கிலும் இது எத்தனை, அது எத்தனை என்று எண்ணிப் பார்த்தே, சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன் தென்கடலின் குளிர்காலப் பனி இன்றையதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு பரந்திருந்தது என்று கண்டார்கள். சுண்ணாம்புக் கூடு கட்டும் பொராமினிபெராக்களில் ஒன்று, துருவத்தின் குளிர்நீரில் இடப்பக்கமாகச் சுருளும். அதன் நெருங்கிய உறவு சற்றே வெதுவெதுப்பான நீரில் வலப்பக்கமாகச் சுருளும். இடம்புரியும் வலம்புரியும் சங்குக்கு மட்டும் உரியவை என்றுதான் நானும் இருந்தேன்.

கொழும்புத் துறைமுகத்திலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு இழுங்கள். இடையில் நிலமே கிடையாது. கோடு அந்தாட்டிக்காவில் போய் முட்டும். அந்தக் கோட்டிலேயே, சுமார் 5,600 கிலோமீட்டர் தொலைவில், 3,000 மீட்டருக்கும் ஆழமான இடத்தில் ஒரு குழாயை இறக்கிச் சேறு எடுத்தார்கள். இடத்தின் தீர்க்கரேகை கிழக்கு 79 பாகை 52 கலை. கொழும்பின் தீர்க்கரேகையும் கிட்டத்தட்ட அதுவே. அந்தச் சேற்றையும் அதற்குக் கிழக்கே எடுத்த இன்னொன்றையும் சேர்த்து 450,000 ஆண்டுக் கடல் வரலாற்றை வாசித்து, 1976இல் ஒரு கட்டுரை வந்தது. பனிக்காலங்கள் வந்து போனதற்குத் தாளம் போட்டது, பூமி சூரியனைச் சுற்றும் பாதையிலும் அதன் சாய்விலும் ஏற்படும் மெல்லிய மாற்றங்கள்தாம் என்று உலகம் ஒத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். சாட்சி சொன்னவை பொராமினிபெரா, ரேடியோலேரியா என்ற நுண்ணுயிர்களின் கூடுகள்.

இதில் தோட்டத்துக்கு என்ன என்று கேட்பீர்கள். ஹட்டனையும் வட்டவளையையும் நனைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று புறப்படுவது பூமத்தியரேகைக்குத் தெற்கே. தென்னிந்தியப் பெருங்கடலில் ஈரம் அள்ளி, பூமத்தியரேகையைத் தாண்டியதும் வலப்பக்கம் திரும்பி, மே மாதக் கடைசியில் நம் மலையில் வந்து மோதுகிறது. அந்தக் கடல் குளிர்ந்தாலும் சூடேறினாலும் காற்று அதைச் சுமந்து வருகிறது. அடைமழை பிடித்தாலும் கொழுந்து இல்லை, காய்ந்தாலும் இல்லை. கொழுந்து இல்லாத நாள் அரைப்பேர்தான், பாதிச் சம்பளம். படங்கு கட்டிக்கொண்டு நிறுவைக்கு நிற்கும் அம்மாமாரின் சம்பளக் கணக்கு அவ்வளவு தூரத்தில் ஆரம்பிக்கிறது.

கடல் எழுதிய அந்தக் கதைக்கு நம் மலையிலேயே ஒரு மறுபிரதி இருக்கிறது. 2,000 மீட்டருக்கும் உயரத்தில், மகாவலியும் களனியும் வளவையும் ஊற்றெடுக்கும் ஹோட்டன் சமவெளியில். அங்குள்ள சதுப்பைத் துளைத்து ரத்னசிறி பிரேமதிலக்கவும் ஸ்டொக்ஹோமைச் சேர்ந்த யான் ரிஸ்பெர்க்கும் 2003இல் வெளியிட்ட ஆய்வு சுமார் 24,000 ஆண்டுகளைத் தொடுகிறது. அவர்கள் எண்ணியவை மகரந்தம், வித்திகள் போன்ற நுண் எச்சங்கள். துருவக் கடலில் பனி இரண்டு மடங்காகப் பரந்திருந்த அதே காலத்தில் இங்கே பருவமழை மெலிந்து, சமவெளி வறண்டு கிடந்தது. பனி இளகிய பிறகு மழை படிப்படியாக வலுத்தது. பிறகு மீண்டும் தளர்ந்தது. அங்கே மிகப் பழங்காலத்திலேயே தானியம் விளைந்தது என்றும் அவர்கள் சொல்கிறார்கள். அதை ஏற்காதவர்களும் உண்டு. மழைக் கதை எனக்குப் போதும்.

என் கவலை இங்கேதான். கடலடிச் சேறு மூவாயிரம் மீட்டர் தண்ணீருக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. கோவாவில் உள்ள துருவ ஆய்வு மையத்தார்கூட 2004 முதல் தென்கடலுக்குப் பயணம் நடத்துகிறார்கள். நம் சேற்றுக்குத்தான் காவல் இல்லை. ஹோட்டன் சமவெளியிலேயே விதை உருளைக்கிழங்குக்காக ஒரு பகுதி உழப்பட்டது. மிச்சம் தப்பியது; 1988இல் அந்தச் சமவெளி தேசியப் பூங்காவும் ஆனது. தோட்டங்களுக்கு இடையே கிடக்கும் சின்னச் சின்னப் பள்ளங்களை யார் பார்க்கிறார்கள்? கான் வெட்டி நீரை வடித்ததும் கறுப்பு மண்ணுக்குள் காற்றுப் புகுகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அழுகாமல் இருந்தது சில வருடங்களில் மக்கிப் போகிறது. மண்வெட்டி ஒருமுறை புரட்டினால் மேலடுக்கும் கீழடுக்கும் கலந்துவிடும். அப்புறம் எந்த ஆய்வுக்கூடத்தாலும் அதன் வயதைப் பிரித்துச் சொல்ல முடியாது. மரக்கறி போட்டால்தான் பிள்ளைகளுக்குச் சோறு என்பவர்களின் நியாயம் எனக்குத் தெரியும், நானும் அந்த வீட்டுப் பிள்ளைதான். ஆனால் கரையை உழட்டும், நடுச்சேற்றை விட்டுவிடட்டும்.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தவில் லயங்களின் மேல் மலை சரிந்ததை நாம் மறக்கவில்லை. முன்பு எப்போதோ மலை சரிந்து பள்ளத்துக்கு அடித்து வந்த மணல், கறுப்பு மண்ணுக்குள் வெளிறிய கோடாகக் கிடக்கும். எவ்வளவு மழைக்கு எந்தச் சரிவு தாங்கவில்லை என்பதற்கு நம்மிடம் உள்ள மிகப் பழைய குறிப்பு அதுவாக இருக்கலாம். அதையும் சேர்த்துத்தான் கான் வழியே ஆற்றுக்கு அனுப்புகிறோம்.

போன தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பள்ளத்தில் இப்போது லீக்ஸ். மாமா இல்லை. அவர் வெட்டிய கானின் ஓரத்தில் மட்டும் ஒரு முழத்துக்குப் பழைய கரை தப்பியிருந்தது. பால்மா டின் ஒன்றில் கொஞ்சம் சுரண்டி எடுத்து, பக்கத்து நகரத்தில் அறிவியல் படிப்பிக்கும் டீச்சரிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு துளியை நீரில் கரைத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தார். முதலில் வெறும் அழுக்கு. தகட்டை மெல்ல நகர்த்த நகர்த்த, ஓடம்போல ஒன்று, ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரிக் கீறல்களோடு, வெளிச்சம் ஊடுருவ நின்றது. பாதி உடைந்த தயற்றம். எந்தக் காலத்தது என்று அந்த மேசையில் யாராலும் சொல்ல முடியாது. கரை அவ்வளவு கலைந்துவிட்டது.

டீச்சர் ஒரு சின்னத் தாளை ஒட்டி, தேதியும் எடுத்த இடமும் எழுதச் சொன்னார். தோட்டத்தில் அந்த இடத்தை இப்போது லீக்ஸ் பாத்தி என்கிறார்கள். நான் ‘கறுப்பு மண் பள்ளம்’ என்று எழுதினேன்.