தந்தை எழுதிய மகளின் நாட்குறிப்பு

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் நன்று என மாணவர்க்கு நாம் அடிக்கடி எடுத்துரைப்பதுண்டு. அன்றாடம் கண்டதையும் கேட்டதையும் கருதியதையும் எழுதி வைக்கும் பிள்ளை, நாளடைவில் தன்னைத் தானே அறியக் கற்றுக்கொள்கிறது. ஆனால், ஒரு குழந்தையின் நாட்குறிப்பை மற்றொருவர் எழுதினால்? அதுவும், அக்குழந்தையே பேசுவதுபோல் ‘நான்’ என்று எழுதினால்? இத்தகைய விந்தையான நாட்குறிப்பொன்று ஜெர்மானிய இசை வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. அதற்குரியவர் கிளாரா வீக். பின்னாளில் கிளாரா சூமன் என்ற பெயருடன் ஐரோப்பாவின் தலைசிறந்த பியானோக் கலைஞர்களுள் ஒருவராக விளங்கியவர் இவரே.

கிளாரா 1819ஆம் ஆண்டு செப்டெம்பர் 13ஆம் திகதி லைப்சிக் நகரிற் பிறந்தார். தந்தை பிரீட்ரிக் வீக், பியானோ கற்பிப்பதும் பியானோ வாணிகம் செய்வதுமாக வாழ்ந்தவர். தாயார் மரியானே, பாடவும் பியானோ வாசிக்கவும் வல்லவர். இவ்விருவரின் இல்லறம் நிலைக்கவில்லை. தாயார் பிரிந்து சென்றார். ஐந்து வயது நிரம்பியதும் சட்டப்படி மகள் தந்தையின் பொறுப்புக்கு வந்தாள். நான்கு வயது கடந்தும் குழந்தைக்குப் பேச்சுத் திருந்தவில்லை. காது மந்தமோ என்று வீட்டார் ஐயுற்றனர். எனினும், பேச்சுக்கு இணங்காத அக்குழந்தை இசைக்கு இணங்கிற்று. இசைக் குறிகளைக் காட்டுவதற்கு முன்னரே, செவி வழியாகக் கேட்டு வாசிக்கும்படி தந்தை பழக்கினார்.

1827ஆம் ஆண்டு யூன் 7ஆம் திகதி நாட்குறிப்பு தொடங்குகிறது. அப்போது கிளாராவுக்கு எட்டு வயதும் நிரம்பவில்லை. தந்தையால் தொடங்கப்பட்டு மகளால் தொடரப்படுவது என்று அதன் முகப்பே கூறுகிறது. ஆயினும், மகள் தொடர்வதற்குச் சில ஆண்டுகள் சென்றன. தொடக்க ஏடுகளில் வரும் ‘நான்’ கிளாரா. எழுதிய கை வீக்கினுடையது. ‘என் தந்தை’ என்று தம்மைத் தாமே அவர் குறிப்பிட்டுக் கொள்ளும் இடங்களைப் படிக்கும்போது நமக்கு நகைப்பும் இரக்கமும் ஒருங்கே தோன்றுகின்றன.

ஓர் உதாரணம் போதும். 1828 ஒக்டோபர் 20ஆம் திகதி, ஒன்பது வயதுக் கிளாரா லைப்சிக்கின் புகழ்பெற்ற கெவண்ட்ஹவுஸ் மண்டபத்தில் முதன்முறையாக மேடையேறினாள். மற்றொரு பெண்ணுடன் ஒரே பியானோவில் நான்கு கைகளால் வாசிக்கும் இசையொன்றை வாசித்தாள். எந்தப் பெற்றோரும் பூரிக்கத்தக்க நிகழ்ச்சி இது. ஆனால், அதே ஆண்டில் எழுதப்பட்ட ஒரு குறிப்பு, தான் சோம்பலும் கவனமின்மையும் பிடிவாதமும் உடையவள் என்று சிறுமியே ஒப்புக்கொள்வதாக அமைந்துள்ளது. பாடத்தைச் சரியாக வாசிக்காமையால் தந்தை அவள் கண்முன்னே இசைத்தாளைக் கிழித்தெறிந்தாராம். இனிச் சுர வரிசைகளும் கிராமர், செர்னி என்போரின் விரற்பயிற்சிகளும் அன்றி வேறெதுவும் வாசிக்கலாகாது என்று கட்டளையிட்டாராம். கடிந்தவர் தந்தை, அதனைத் தன் குற்றமாக எழுதிக் கையொப்பமிட்டதுபோல் நிற்பவள் மகள்!

வீக்கை வெறுங் கொடியவராகக் கருதுவது முறையன்று. நாளெல்லாம் பியானோவின்முன் மகளை இருத்தி வதைத்தவர் அல்லர் அவர். நாளுக்கு ஒரு மணி நேரம் பாடம், இரண்டு மணி நேரம் பயிற்சி, அதன்பின் திறந்த வெளியில் நெடுந்தூர நடை என்பதே அவர் வகுத்த ஒழுங்கு. உடல் தளர்ந்தால் இசையும் தளரும் என்பதை அவர் அறிந்திருந்தார். நாடகங்களுக்கும் இசை நாடகங்களுக்கும் மகளை அழைத்துச் சென்றார். பிரெஞ்சும் ஆங்கிலமும் பயிலச் செய்தார். இசை இலக்கணத்தைத் தக்க ஆசிரியர்களிடம் கற்பித்தார். தம் கடிதங்களை நாட்குறிப்பிற் படியெடுக்கச் செய்து, கச்சேரி ஏற்பாடு, வரவு செலவு முதலிய உலகியலையும் உணர்த்தினார். 1831இல் வைமார் நகரில் முதுபெருங் கவிஞர் கேதேயின் முன்னிலையிற் சிறுமி வாசித்தாள். அவர் தம் உருவம் பொறித்த பதக்கம் ஒன்றைப் பரிசளித்தார். 1835 நவம்பரில், பதினாறு வயதில், பியானோவுக்கும் பல்லியக் குழுவுக்குமெனத் தானே இயற்றிய கொன்செர்ட்டோவைக் கெவண்ட்ஹவுஸில் வாசித்தாள். அன்று பல்லியத்தை நடத்தியவர் மெண்டல்சன். தந்தையின் உழைப்பின்றி இவையெல்லாம் நிகழ்ந்திரா.

அங்ஙனமாயின் குறை எங்கே? கற்பித்ததில் அன்று, மகளின் உள்ளத்தையும் தாமே எழுதிவிடலாம் என்று எண்ணியதிலேதான்.

பெண் வளர்ந்தாள், எழுதுகோல் மெல்ல மெல்ல அவள் கைக்கு வந்தது. அப்போதும் ஏடுகளைத் தந்தை பார்வையிட்டே வந்தார். வீக்கிடம் பியானோ பயின்ற இளம் இசைப்புலவர் ரொபேட் சூமனைக் கிளாரா மணக்க விரும்பியபோது, தந்தை உறுதியாக மறுத்தார். 1839 சனவரியில், தந்தையின் துணையின்றிக் கிளாரா பாரிஸ் நகருக்குப் புறப்பட்டார். மகள் தனித்து இயங்கமாட்டாமல் வழியிலேயே திரும்பிவிடுவாள் எனத் தந்தை எதிர்பார்த்தார், அவர் திரும்பவில்லை. திருமண வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. ஈற்றில், 1840 செப்டெம்பர் 12ஆம் திகதி, இருபத்தோராவது பிறந்தநாளுக்கு முதல் நாள், கிளாராவும் ரொபேட்டும் மணம் புரிந்தனர். மறுநாளே தம்பதியர் புதியதொரு நாட்குறிப்பைத் தொடங்கினர். வாரம் ஒருவராக மாறி மாறி எழுதுவதென்பது அவர்களின் உடன்படிக்கை. இம்முறை ஒவ்வொருவரும் தம் ‘நான்’ என்பதைத் தாமே எழுதினர்.

எழுதுகோல் தன் கைக்கு வந்தவுடனே எல்லாம் விடுதலையாகி விடுமா? இளம்பெற்றோர் சிறிது சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. 1839 நவம்பரில், யாரும் சொல்லிக் கொடாமல், கிளாரா தம் கையாலேயே ஒரு குறிப்பு எழுதினார். தமக்கு இசை இயற்றும் ஆற்றல் உண்டென ஒருகாலத்தில் நம்பியதாகவும், அந்த எண்ணத்தைக் கைவிட்டுவிட்டதாகவும், இதுவரை எந்தப் பெண்ணாலும் இயலாததைத் தாம் மட்டும் எதிர்பார்ப்பது தகுமோ என்றும் அதில் அவர் எழுதியிருக்கிறார். பதினாறு வயதிற் கொன்செர்ட்டோ இயற்றிய ஒருவரா இப்படி எழுதுவது? கை அவருடையது, சொல் அவரைச் சூழ்ந்த உலகத்தினுடையது. இளமையில் நாம் ஊட்டும் சொற்கள், நாம் அருகில் இல்லாதபோதும் பிள்ளையின் உள்ளிருந்து அதன் குரலிலேயே பேசும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நல்லவேளையாக, அந்தச் சொல் முற்றும் வெல்லவில்லை. இல்லறத்தில், கணவர் இசை இயற்றும் வேளைகளில் தமக்குப் பயிற்சி செய்ய ஒரு சிறு பொழுதும் கிடைக்கவில்லையே என்று 1841இல் அவர் வருந்தி எழுதினார். வருந்தினாரே தவிர, வாசிப்பை விட்டாரல்லர். 1846இல் பியானோ, வயலின், செலோ ஆகிய மூன்றுக்குமாக அவர் இயற்றிய இசை இன்றும் மேடைகளில் வாசிக்கப்படுகின்றது. 1856இல் கணவர் இறந்தபின், குடும்பத்தைத் தம் கச்சேரிகளாற் காப்பாற்றினார். மேடைவாழ்வு 1891 வரை நீடித்தது. 1896இல் அவர் காலமானார். தந்தையும் மகளும் 1843ஆம் ஆண்டிலேயே பகை தீர்ந்தனர் என்பதையும் சொல்லிவிடுவது நீதியாகும்.

கிளாராவின் இளமைக் குறிப்புகள் 2019ஆம் ஆண்டில், அவர் பிறந்து 200 ஆண்டு நிறைந்தபோது, நூலாக வெளிவந்தன. பிள்ளைகளுக்கு இசையோ கணிதமோ மொழியோ கற்பிக்கும் நம்மனைவர்க்கும் அவற்றில் ஒரு பாடம் உண்டு. விரல்களைத் திருத்துவது ஆசான் கடமை. ஒழுங்கைப் பழக்குவது பெற்றோர் கடமை. அவ்விரண்டையும் வீக் குறைவறச் செய்தார். ஆனால், ‘நான் எதை விரும்புகிறேன், எதற்கு அஞ்சுகிறேன்’ என்ற வாக்கியத்தைப் பிள்ளை தடுமாறியேனும் தானே எழுத வேண்டும். எழுத்துப் பிழை இருக்கலாம். கருத்து நமக்கு உவப்பற்றதாகவும் இருக்கலாம். அப்பக்கத்தை நாம் பொறுமையோடு வெறுமையாக விட்டு வைத்தால், பிள்ளை என்றேனும் ஒருநாள் அதனை நிரப்பும்.