சீத்தாப் பூவுக்கு உறைமோர் எங்கிருந்து வருகிறது?

ஒரே மரத்தில், ஒரே வாரத்தில் பறித்த இரண்டு சீத்தாப்பழங்கள். ஒன்று எல்லாப் பக்கமும் திரண்டு உருண்டையாக இருக்கிறது. மற்றொன்று ஒரு பக்கம் புடைத்து, மறுபக்கம் ஒடுங்கிக் கோணலாக இருக்கிறது. அருப்புக்கோட்டை வட்டாரத்துப் பரளச்சிப் பக்கத்துப் புஞ்சைகளில் மட்டுமல்ல, சீத்தா விளையும் எந்த ஊரிலும் இது வாடிக்கை. உரம் போதவில்லை, பூச்சி விழுந்துவிட்டது, தண்ணீர் காணவில்லை என்று காரணம் சொல்வார்கள். ஆனால் பெரும்பாலான கோணல் பழங்களுக்குக் காரணம் பறிப்பதற்கு நான்கு மாதம் முன்னால், பூ விரிந்த நாளில் இருக்கிறது.

பழத்தின் மேல் தெரியும் ஒவ்வொரு கண்ணும் ஒரு தனிச் சூலகம். பூவின் நடுவில் கூம்பு போலக் குவிந்திருக்கும் பல பத்துச் சூலகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்துதான் ஒரு பழமாகின்றன. மகரந்தம் கிடைத்த சூலகத்தில் விதை பிடிக்கும், விதையைச் சுற்றிச் சதை கட்டும். கிடைக்காதது வளராமல் நின்றுவிடும். அப்படி நின்றவை ஒரே பக்கமாக அமைந்தால் பழம் அந்தப் பக்கம் ஒடுங்கும். ஒன்றுக்குமே கிடைக்கவில்லையென்றால் பூ உதிர்ந்துவிடும். பூத்துக் குலுங்கிய மரத்தில் கால்வாசிகூடக் காயாகாமல் போவது இதனால்தான்.

பூவிலேயே ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் அருகருகே இருக்கும்போது மகரந்தம் கிடைக்காமல் போவது எப்படி? இதைப் புரிந்துகொள்ள அடுப்படிக்குப் போகலாம்.

பாலைக் காய்ச்சி இறக்குகிறோம். கொதிக்கும்போது உறைமோர் விட்டால் உறையாது, ஆறி அவலாகப் போனபின் விட்டாலும் சரியாக உறையாது. விரல் வைத்தால் இளஞ்சூடாகத் தெரியும் அந்தச் சிறிது நேரம்தான் வாய்ப்பு. அந்த நேரம் பார்த்து வீட்டில் தயிர் தீர்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்கு டம்ளரோடு பிள்ளையை அனுப்பி ஒரு கரண்டி மோர் வாங்கி வரச் சொல்கிறோம். மறுநாள் நம் சட்டியில் தயிர் தயார். ஆனால் நேற்றைய பாலுக்கு அது உதவாது, வேறு வீட்டுக்குக் கொடுக்கத்தான் உதவும்.

சீத்தாப் பூ ஒவ்வொன்றும் இந்த நிலையில் இருக்கும் வீடுதான். பூவின் பெண் பகுதி முதலில் தயாராகிறது. அப்போது மகரந்தத்தை ஏற்கும் சூல்முடிகள் பளபளவென்று பிசுபிசுப்பாக இருக்கும், அதுதான் பாலின் இளஞ்சூடு. அதே பூவின் மகரந்தப் பைகள் அப்போது திறந்திருக்காது. அவை வெடித்து மகரந்தம் உதிரும்போது சூல்முடிகள் காய்ந்து பழுப்பேறிவிடும். தன் உறைமோரைத் தனக்கே விட்டுக்கொள்ள அந்தப் பூவால் முடியாது. முதல் நாள் வாங்கும் பூ, மறுநாள் கொடுக்கும் பூ. பக்கத்து வீடு என்பது வேறு மரமாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை, அதே மரத்தின் இன்னொரு கிளையில் நேற்று விரிந்த பூவாக இருந்தாலும் போதும்.

டம்ளரோடு போய்வரும் பிள்ளை யார்? தேனீ இல்லை. சீத்தாப் பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலைகீழாகத் தொங்கும் பூ, இரண்டரை சென்டிமீட்டர் நீளத்தில் தடித்த மூன்று பச்சை இதழ்கள். அவற்றின் உள்பக்க அடியில் ஊதாக் கறை. பெண் நிலையில் இதழ்கள் இலேசாகத்தான் பிரிந்திருக்கும், தேனீ நுழைய இடமில்லை. அந்த இடுக்கில் நுழைவது எள்ளளவேயான சிறு வண்டுகள். அழுகும் பழங்களில் வாழும் இனம் அவை. கனிந்த பழம் புளிக்கும்போது எழும் வாசனையைப் பூவே விடுகிறது, அதை நம்பி வண்டு உள்ளே வருகிறது. பூ ஆண் நிலைக்கு மாறி இதழ்கள் அகல விரியும்போது, மேலெல்லாம் மகரந்தத்தோடு வெளியேறி அடுத்த பூவைத் தேடிப் போகிறது. அங்கே ஒவ்வொரு சூலகமும் ஒரு கிண்ணப் பால், எத்தனை கிண்ணத்தில் சொட்டு விழுகிறதோ அத்தனையும் உறையும்.

சீத்தாவின் குடும்பத்தில் சுமார் 2,400 இனங்கள் உண்டு. பெரும்பாலானவை வெப்ப மண்டல மழைக்காட்டு மரங்களும் கொடிகளும். நம் பள்ளிக்கூட வாசல்களில் வரிசையாக நிற்கும் நெட்டிலிங்கம் இதே குடும்பம்தான். நெட்டிலிங்கத்தின் காய்க்கொத்தை ஒருமுறை கவனித்தால் சீத்தாவின் அமைப்பு சட்டென்று பிடிபடும். அங்கும் ஒரே பூவின் பல சூலகங்கள்தான் காயாகின்றன. ஆனால் ஒட்டிக்கொள்ளாமல், தனித்தனிக் காம்போடு கொத்தாகத் தொங்குகின்றன. சீத்தா அவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிட்டது.

அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து கடல் கடந்து வந்து சில நூற்றாண்டுகளில் சீத்தா நம் மண்ணில் காட்டுச்செடி போலவே ஆகிவிட்டது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழையை, அதிலும் பெரும்பங்கை ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் பார்க்கும் பூமி. இங்கே மானாவாரியில் நிற்கிற பழமரங்கள் கொஞ்சம். சீத்தா நிற்கும். கோடையில் இலையை உதிர்த்து நீரைக் காப்பாற்றிக்கொள்ளும். ஆடுகூட அதன் இலையைக் கடிக்காது, வேலி இல்லாத புஞ்சையில் இது பெரிய விஷயம். தண்ணீர் கட்டி நிற்கும் கரிசலை மட்டும் தாங்காது, சரளையும் செவலும் கலந்த மேட்டு நிலமே அதற்கு வாகு.

இலை உதிர்வதில் இன்னொரு வேலையும் நடக்கிறது. முற்றிய இலை ஒன்றைக் கிள்ளிப் பாருங்கள். காம்பின் அடிப்பகுதி குழிவாக இருந்து உள்ளே ஒரு மொட்டை மூடிக்கொண்டிருக்கும். இலை விழுந்தால்தான் அந்த மொட்டுக்கு வெளிச்சம், புதுத் தளிரோடு பூவும் வரும். இலை உதிராத கிளையில் கவாத்து செய்து இலைகளை உருவிவிடுவது இந்தக் கணக்கில்தான்.

ஆக, வேரும் இலையும் வறண்ட நிலத்துக்குப் பழகிவிட்டன. பூ மட்டும் தன் மழைக்காட்டுச் சொந்தங்களைப் போல இன்னும் ஈரக் காற்றைத்தான் தேடுகிறது. சித்திரை, வைகாசி வெக்கையில், காற்றில் ஈரமே இல்லாதபோது சூல்முடியின் பிசுபிசுப்பு சீக்கிரமே காய்ந்துவிடும், பால் இளஞ்சூட்டில் நிற்கும் நேரம் சுருங்கிப்போகும். வண்டும் வெயிலில் வராது. ஒரு கோடை மழை பெய்து நிலம் குளிர்ந்தபின் விரியும் பூக்கள் கூடுதலாகக் காய் பிடிப்பதன் இரகசியம் இதுதான்.

அருப்புக்கோட்டையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சீத்தாவில் ஏ.பி.கே. 1 என்ற ரகம் அங்கிருந்து வந்ததுதான். தன் ஊர் எழுத்தையே பெயராகத் தாங்கிய ஒரு ரகம் மானாவாரி விவசாயிக்குக் கிடைத்திருப்பது நல்ல காரியம். ஆனால் எந்த ரகமானாலும் உறைமோர் வந்தாக வேண்டும். வண்டு கொண்டுவராவிட்டால் மனிதர் கையாலும் கொண்டுவரலாம். ஸ்பெயினில் கிரனாடா கடற்கரையில் சீத்தாவின் உறவான செரிமோயாவுக்கு ஆட்கள் தூரிகை பிடித்துப் பூப்பூவாக மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். அங்கே அது வழக்கமான தோட்ட வேலை. நம் ஊரில் பலர் இதைக் கேள்விப்பட்டதுகூட இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

பழுத்தபின் உள்ள சங்கதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்களுக்கு இடையிலான பள்ளம் அகன்று வெளிர்மஞ்சளானால் பறிக்கலாம், சில நாட்களில் வீட்டிலேயே கனியும். கனியாத காயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் தோல் கறுக்கும், சரியாகக் கனியாது. சதையைச் சூடாக்கினால் கசப்பேறும், அதனால் பாயசத்தில் சேர்ப்பவர்கள் அடுப்பை அணைத்து, ஆறியபின்தான் கலக்க வேண்டும். விதையில் எச்சரிக்கை தேவை. பேனுக்காக அரைத்துத் தலையில் தடவும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த விழுது கண்ணில் பட்டுக் கருவிழி புண்ணாகி மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. பிள்ளைகளின் தலைக்கு அது வேண்டவே வேண்டாம்.

நாலு சீத்தா மரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூக்கும் மாதத்தில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள், வண்டும் சேர்ந்து செத்துவிடும். சாயங்காலம் அகல விரிந்த பூக்களைப் பறித்து ஒரு காகிதப் பையில் போட்டு வையுங்கள், இரவில் மகரந்தம் உதிரும். விடிந்ததும் வெயில் ஏறுமுன், இதழ் இலேசாகப் பிரிந்திருக்கும் பூக்களில் மெல்லிய தூரிகையால் அந்த மகரந்தத்தைச் சூல்முடியைச் சுற்றிலும் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் தொட்டுவிட்டு விடக்கூடாது. தடவிய பூவின் காம்பில் ஒரு நூல் கட்டி வையுங்கள். ஆவணி, புரட்டாசியில் நூல் கட்டிய பழத்தையும் கட்டாத பழத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அடுத்த வருஷம் எத்தனை மரத்துக்குச் செய்வது என்று முடிவு செய்யுங்கள்.