வீடுகளின் கதை – 12: காகிதத்தில் போட்ட தரை

கொரியாவின் பழைய வீடுகளில் சமையலறை அடுப்பு ஒரே விறகில் இரண்டு வேலை பார்த்தது. மேலே சோறு வெந்தது. அடுப்பின் அனலும் புகையும் பக்கத்து அறைத் தரைக்கு அடியிலிருந்த கால்வாய்களில் ஓடி, எதிர்ப்புறப் புகைபோக்கி வழியே வெளியேறின. கால்வாய்களை மூடியிருந்த கற்பலகைகள் மெல்லச் சூடேறி, இரவெல்லாம் அறையைக் கதகதப்பாக வைத்தன. ‘ஒண்டோல்’ என்பது இதன் பெயர். அடுப்பை ஒட்டிய இடமே நல்ல சூடு. அது வீட்டுப் பெரியவர்களுக்கும் விருந்தினருக்கும் உரியது.

கல்லின் மேல் மண் பூச்சு. அதற்கு மேல்? காகிதம்! மரப்பட்டை நாரில் செய்த ‘ஹஞ்சி’ தாளை அடுக்கடுக்காக ஒட்டி, எண்ணெய் பூசினார்கள். தாள் மெல்லியது; ஆகவே சூட்டை மறிக்கவில்லை. எண்ணெய் குடித்ததால் ஈரத்துக்கு அஞ்சவில்லை. மண் வெடிப்பு வழியே புகை ஏறாமலும் காத்தது. அதன்மேல்தான் உட்கார்ந்தார்கள், உண்டார்கள், படுத்தார்கள்.

இன்று விறகின் இடத்தை வெந்நீர்க் குழாய்கள் பிடித்துவிட்டன. ஐரோப்பாவிலும் கனடாவிலும் சிமெண்ட் தரைக்குள் அவை ஓடுகின்றன. மேலே எதைப் போடுவது என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

விடை ஒரு வகுத்தல் கணக்கில் இருக்கிறது. பொருளின் கனத்தை அதன் வெப்பம் கடத்தும் திறனால் வகுத்தால், சூட்டை அது எவ்வளவு தடுக்கும் என்று தெரியும். 10 மில்லிமீட்டர் டைல்ஸுக்குத் தடை சுமார் 0.01. 15 மில்லிமீட்டர் ஓக் பலகைக்குச் சுமார் 0.09. 10 மில்லிமீட்டர் கம்பளத்துக்கு ஏறத்தாழ 0.17. ஐரோப்பிய வழக்கப்படி இந்தத் தடை 0.15-ஐத் தாண்டக் கூடாது. கம்பளம் அங்கேயே தோற்றுவிடுகிறது. அடியில் மெத்தை விரிப்பும் போட்டால் சூடு கீழேயே தங்கிவிடும்.

கல்லும் டைல்ஸும் முதலிடம் பெறுவது இதனால்தான். நம் ஊரில் வெறுங்காலுக்குச் சில்லென்று இருக்கும் அதே குணம், அங்கே சூட்டை விரைவாக மேலே அனுப்புகிறது.

மரம் வேண்டுவோர் முழுப்பலகையைத் தவிர்ப்பது நல்லது. சூட்டில் உலர்ந்து சுருங்கும், இடுக்கு விடும். பீச், மேப்பிள் மரங்களில் இந்த அசைவு அதிகம். குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய அடுக்குப் பலகை நிலைத்து நிற்கும். அதையும் காற்று இடைவெளி விடாமல் தரையோடு ஒட்ட வேண்டும். ஒட்டுமுன் சில நாள் வெந்நீரை ஓடவிட்டு, சிமெண்டின் ஈரத்தைப் போக்க வேண்டும். மரத்தின் மேற்பரப்பு 27 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குளிர்நாட்டில் வீடு கட்டும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடையில் நிறத்தையும் விலையையும் கேட்குமுன் வெப்பத்தடை எவ்வளவு என்று கேளுங்கள். தவறான விரிப்புக்கு விலை ஒருமுறை கொடுத்தால் போதாது. ஒவ்வொரு குளிர்காலமும் எரிபொருள் செலவாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

(தொடரும்)